கந்தை, சிந்தி, த்ரிஃப்ட்: மும்பையின் பழந்துணிக்கு ஒரு சொல்வரலாறு

‘த்ரிஃப்ட்’ என்னும் பெயர்ச்சொல் நம் மாணவர்களின் பேச்சில் வினையாகிவிட்டது. ‘இந்தச் சட்டையை த்ரிஃப்ட் பண்ணினேன்’ என்கிறார்கள். பிறர் அணிந்து கழித்த ஆடையை விரும்பி வாங்குவதில் எனக்கு மறுப்பேதும் இல்லை. ஆய்வு உதவித்தொகையில் வாழ்பவர்களுக்கு இருக்கவும் முடியாது. என் தயக்கம், சொல்லோடு சேர்ந்து இறக்குமதியாகும் வரலாறு பற்றியது. இதைக் குறித்து எழுதப்படுபவை பெரும்பாலும் லண்டனில் 1865இல் வில்லியம் பூத் தொடங்கிய கிறித்தவ அறப்பணியையும், பாஸ்டனில் 1902இல் எட்கர் ஹெல்ம்ஸ் தொடங்கிய குட்வில் அமைப்பையும் குறிப்பிட்டுவிட்டு, நேராக இன்றைய இன்ஸ்டாகிராம் கடைகளுக்கு வந்துவிடுகின்றன. இந்தப் பாய்ச்சலில் மும்பை முழுவதுமாக விடுபடுகிறது.

மேலைநாட்டு த்ரிஃப்ட் கடையின் அடிப்படை நன்கொடை. வசதியுள்ளவர் கொடுக்கிறார், அமைப்பு அதை விற்கிறது, வரும் பணம் அறப்பணிக்குப் போகிறது. மும்பையில் பழந்துணி வீட்டைவிட்டு வெளியேறிய முறை வேறு. இங்கே அது கொடையாகவும் போகவில்லை, காசுக்கும் விற்கப்படவில்லை. பாத்திரத்துக்கு மாற்றப்பட்டது.

இந்த மாற்றைச் செய்யும் பெண்ணுக்கு மராத்தியில் ‘போஹாரீண்’ என்று தனிச்சொல்லே உண்டு. ‘கோளீண்’ (மீன் விற்கும் கோளிப் பெண்) என்பதில் உள்ள அதே பெண்பால் விகுதிதான் இது. ஒரு தொழிற்பெயர் பெண்பாலிலேயே மக்கள் நினைவில் தங்கியிருப்பது, அத்தொழிலில் வீட்டுவாசல்வரை வந்தவர் யார் என்பதைக் காட்டிவிடுகிறது. குஜராத்திலிருந்து வந்த வாக்ரி சமூகத்தார் (தேவிபூஜக் என்பது இன்று அவர்கள் ஏற்கும் பெயர்) இத்தொழிலில் முதன்மையானவர்கள். மொழியியல் மாணவர்களுக்கு இங்கே ஒரு பழைய அறிமுகம் நினைவுக்கு வரும்: தமிழ்நாட்டு நரிக்குறவர் பேசும் இந்தோ-ஆரிய மொழியின் பெயர் வாக்ரிபோலி. அதைப் பற்றிய ஜி. சீனிவாச வர்மாவின் நூலை அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1970இல் வெளியிட்டது. குஜராத்தியோடு நெருங்கிய அம்மொழியைப் பேசுவோர் தெற்கே பாசிமணியும் ஊசியும் விற்றுவந்தனர்; அப்பெயரையே தாங்கிய மற்றொரு மக்கள் மும்பையிலும் தில்லியிலும் துணியோடு வாழ்ந்தனர். இரு மக்களுக்கும் இடையிலான உறவைப் பெயரை மட்டும் கொண்டு நிறுவிவிட முடியாது. ஆயினும் அது விரிவான ஒப்பாய்வுக்கு உரியது.

மாற்று நிகழும் விதம் நுட்பமானது. துணி ஒவ்வொன்றும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கப்படும். கழுத்துப்பட்டி தேய்ந்திருக்கிறதா, முழங்கை நைந்திருக்கிறதா, பொத்தான்கள் முழுமையாக உள்ளனவா, சேலையின் கரையில் இருப்பது உண்மையான சரிகையா என்பதெல்லாம் சில நொடிகளில் முடிவாகும். பிறகு பேரம் தொடங்கும். இல்லத்தரசி பெரிய பாத்திரத்தைக் காட்டுவார். வந்தவர் சிறியதைக் காட்டி, இன்னும் இரண்டு சட்டை கேட்பார். பித்தளைக்குப் பின் எவர்சில்வரும், அதன்பின் பிளாஸ்டிக்கும் இந்த நாணயமாற்றில் இடம்பெற்றன. துணி கைமாறிய பின்னரே உண்மையான உழைப்பு தொடங்குகிறது: வெளுத்தல், கறை நீக்கல், தைத்தல், சாயமேற்றல், பெட்டி போடுதல், தரம் பிரித்தல். தில்லி ரகுபீர் நகரில் விடியுமுன் கூடும் பழந்துணிச் சந்தையையும் அங்குள்ள வாக்ரிப் பெண்களையும் லூசி நாரிஸ் விரிவாக ஆராய்ந்து 2010இல் நூலாக்கியிருக்கிறார். மும்பையைப் பற்றி அதே ஆழத்தில் ஒரு நூலை நம்மவர் ஒருவர் எழுத வேண்டும்.

ஏன் பாத்திரம்? பொருளியல் விடை எளிது: கையில் பணமில்லாத இல்லத்தரசிக்கு, கணவரைக் கேளாமல் கிடைக்கும் ஒரே சொத்து அது. எனக்கு அந்த விடை போதவில்லை. நம் சமூகத்தில் பழந்துணி ஒருபோதும் வெறும் பொருளாக இருந்ததில்லை. மனுஸ்மிருதியின் 10ஆம் அத்தியாயம் பணிபுரியும் சூத்திரருக்கு எஞ்சிய உணவையும் நைந்த ஆடையையும் விதிக்கிறது. சண்டாளருக்குப் பிணத்தின் ஆடையை விதிக்கிறது. பழந்துணியைப் பெறுவது என்பது பெறுபவரின் இடத்தை அவர் உடலின்மீதே எழுதுவதாக இருந்தது. 1927 டிசம்பரில் மகாட் மாநாட்டுக்கு வந்த பெண்களிடம், சாதியை அடையாளம் காட்டும் உடுத்தும் முறையைக் கைவிடுமாறு அம்பேத்கர் வலியுறுத்தியதை இந்தப் பின்னணியில் வைத்தே படிக்க வேண்டும். தானமாகப் பெற்ற துணி கொடுத்தவரின் பெயரை மறப்பதில்லை. பாத்திரத்துக்கு மாற்றிய துணி மறந்துவிடுகிறது. அங்கே கடன்பட்டவர் எவருமில்லை. போஹாரீணின் எவர்சில்வர் கிண்ணம் துணிக்கு விலையாக இருந்ததோடு, கொடுப்பவர்–பெறுபவர் என்ற பழைய உறவையும் துண்டித்தது என்பது என் வாசிப்பு. மறுக்க விரும்புவோர் மறுக்கலாம்.

அணியத்தக்கவை சந்தைக்குப் போகின்றன. அணியத்தகாதவை? இந்தக் கேள்வியே நம்மைக் கோவண்டிக்கு அழைத்துவருகிறது. குர்லாவிலிருந்து செம்பூருக்கு 1906இல் அமைந்த இருப்புப்பாதை மனிதர்களுக்காகப் போடப்பட்டதன்று, நகரத்தின் குப்பையை ஏற்றிவருவதற்காகப் போடப்பட்டது. பயணிகள் அதில் ஏறியது 1924இல்தான். தேவனார் குப்பைமேடு 1927இல் தொடங்கியது. அதற்குச் சற்று முன்னர், 1896இல் பரவிய பிளேக் நோயின்போது, நோயாளிகளின் துணியையும் படுக்கையையும் அதிகாரிகள் எரித்ததை இந்நகரம் கண்டிருந்தது. பிறர் உடுத்திய துணி குறித்த அச்சத்துக்குத் தீட்டோடு கிருமியும் காரணமாயிற்று. நகரத்தின் நடுவிலிருந்து எதையெல்லாம் அகற்ற விரும்பினார்களோ அவற்றோடு மனிதர்களையும் இப்பக்கம் அனுப்பினார்கள்: 1970களில் சிவாஜி நகர் மறுகுடியமர்வு, 1976இல் நெருக்கடிநிலையின்போது ஜனதா காலனி இடிக்கப்பட்டு, தமிழர் பலர் உட்பட அங்கிருந்தோர் சீத்தா கேம்ப்புக்குப் பெயர்க்கப்பட்டது. அந்த எதிர்ப்பை முன்னின்று நடத்திய ஜோக்கின் அற்புதம், கோலார் தங்கவயலிலிருந்து வந்த தமிழர்.

இப்பகுதியின் சந்துகளில் துணி ‘சிந்தி’ ஆகிறது (சிந்து மாகாணத்துக்கும் இச்சொல்லுக்கும் தொடர்பில்லை, ‘சிந்தீ’ என்றால் கிழிந்த துணித்துண்டு). பருத்தி தனியே, செயற்கை இழை தனியே, பின்னலாடை தனியே. பருத்தித்துண்டு இயந்திரம் துடைக்கப் போகும். தமிழ்நாட்டுப் பட்டறைகளில் ‘பனியன் வேஸ்ட்’ எனப்படுவது இதற்கு உறவுதான். கம்பளி பானிப்பட்டுக்குப் போய் மீண்டும் நூலாகி மலிவான போர்வையாகும். அந்த நூலுக்கு ஆங்கிலத்தில் ‘ஷாடி’ என்று பெயர். 1813 அளவில் யார்க்‌ஷயரின் பாட்லியில் பெஞ்சமின் லா கண்ட முறை அது. ஒரு துணிவகையின் பெயராக இருந்த அச்சொல் பின்னர் ‘தரங்கெட்டது’ என்னும் பொருளுக்கு இறங்கியது. தமிழில் ‘கந்தை’யும் வங்காளத்தில் ‘காந்தா’வும் சமஸ்கிருதக் ‘கந்தா’வோடு தொடர்புடையவை. வங்காளத்தில் அது கலைப்பொருளின் பெயராயிற்று. நம்மிடம் வறுமையின் பெயராகவே நின்றுவிட்டது.

பிற நாடுகளும் பழந்துணிக்குப் பெயரிட்டிருக்கின்றன. ஜாம்பியாவின் ‘சலவுலா’ குவியலில் கிளறித் தேர்வதைக் குறிக்கிறது. கிழக்காப்பிரிக்காவின் ‘மிதும்பா’ வந்திறங்கும் மூட்டைகளைக் குறிக்கிறது. கானாவின் ‘ஒப்ரோனி வாவு’ இறந்துபோன வெள்ளையரின் உடை என்கிறது. இத்தனை துணியை உயிரோடிருப்பவர் எவரும் கழித்திருக்க மாட்டார் என்னும் வியப்பு அதில் இருக்கிறது. ‘த்ரிஃப்ட்’ இவற்றிலிருந்து வேறுபட்டது. பற்றிக்கொள்ளுதல் என்னும் பொருளுடைய பழைய நோர்ஸ் வேரிலிருந்து வந்து, செழிப்பைக் குறித்து, பின்னர் சிக்கனமாகியது. (நம் ‘சிக்கன’மும் ‘சிக்கென’ப் பிடித்தலிலிருந்து வருவது ஓர் இனிய தற்செயல்.) அது துணியையோ மூட்டையையோ கிளறும் கையையோ சொல்லவில்லை, வாங்குபவரின் நற்குணத்தைச் சொல்கிறது. இணையக் கடையில் ஓர் ஆடையின் ஆண்டும் அளவும் இழையும் எழுதப்படுகின்றன. கறை நீக்கியவரும் பொத்தான் தைத்தவரும் எந்த வரியிலும் இல்லை.

தமிழில் போஹாரீணுக்கு நிகரான அகராதிச்சொல்லை இதுவரை நான் காணவில்லை. செம்பூர்த் தமிழ் வீடுகளில் ‘பாத்திரக்காரி’ என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். வாங்கிச்சென்ற துணி அச்சொல்லில் இல்லை, கொடுத்துச்சென்ற பாத்திரம் மட்டும் இருக்கிறது. தாராவியிலும் மாட்டுங்காவிலும் வேறு பெயர் வழங்குமானால், அறிந்தவர்கள் இங்கே எழுதுங்கள்; எந்த ஊரிலிருந்து வந்த குடும்பம் என்பதையும் சேர்த்து எழுதினால் தொகுக்க உதவும்.