வண்ணக் கண்ணாடிச் சாளரங்கள்

நிறக் கண்ணாடி வழியே பகல் வெளிச்சத்தைக் கட்டடத்துக்குள் இறக்கி, அந்த வெளிச்சத்தையே ஓவியமாக்கும் கலை. பின்புறம் தீட்டி முன்புறம் பார்க்கும் தஞ்சைக் கண்ணாடி ஓவியம் இதில் சேராது. அதற்கு ஊடுருவும் ஒளி தேவையில்லை.

ஐரோப்பாவில் 12, 13ஆம் நூற்றாண்டுகளில், பிரான்சின் சார்த்ர் பேராலயம் போன்றவற்றில் இக்கலை உச்சத்தைத் தொட்டது. தமிழகத்துக்கு மிகத் தாமதமாகவே வந்தது. கண்ணாடிக்கு நிறமேற்றத் தெரியாததால் அல்ல. புதுச்சேரியை அடுத்த அரிக்கமேட்டில் ஏறத்தாழ 2,000 ஆண்டுகளுக்கு முன்பே வண்ணக் கண்ணாடி மணிகள் செய்தார்கள். அந்த நிறம் கழுத்தில் ஏறியதே தவிர, சுவரில் ஏறவில்லை. கருவறைக்கு இருட்டு வேண்டியிருந்தது. வீட்டுக்கு முற்றத்து வானம் போதும். வெயிலை வாசலிலேயே நிறுத்தப் பார்க்கும் ஊரில் ஜன்னல் அகலமாவதற்குக் காரணமில்லை.

தேவாலயங்கள் அந்த வழக்கத்தை மாற்றின. 1896இல் கோதிக் பாணியில் புதிதாக எழுந்த சென்னை சாந்தோம் பேராலயத்தில், உயிர்த்தெழுந்த இயேசுவின் முன் ஐயம் தீரும் தோமையார் கண்ணாடியில் நிற்கிறார். புதுச்சேரியில், 1907இல் திறக்கப்பட்ட திரு இருதய ஆலயத்தின் சாளரங்களில் 28 புனிதர்கள் இருக்கிறார்கள். இத்தகைய சாளரங்களில் நிறம் மேலே பூசியதன்று. உருகிய கண்ணாடியில் கோபால்ட் கலந்தால் நீலம், தாமிரம் கலந்தால் பச்சையோ சிவப்போ வரும். முகம், உடை மடிப்பு போன்ற கோடுகளை மட்டும் தீட்டிச் சூளையில் சுட்டு, துண்டுகளை ஈயப் பட்டைகளால் இணைப்பார்கள்.

செட்டிநாட்டு வீடுகள் இதே பொருளைக் கதையில்லாமல் எடுத்துக்கொண்டன. கடல் கடந்த வணிகத்தில் பர்மாத் தேக்கோடும் இத்தாலியப் பளிங்கோடும் நிறக் கண்ணாடியும் வந்து, கதவு ஜன்னல்களின் மேல் வளைவுகளில் அமர்ந்தது. புனிதரும் இல்லை, உருவமும் இல்லை. சிவப்பு, பச்சை, நீலம், மஞ்சள் மட்டுமே. வெயில் சாயச் சாய அந்த நிறங்கள் தரையில் நகரும். நம் கடும் வெயிலுக்கு, நுணுக்கமான சித்திரத்தைவிட இந்த எளிய சதுரங்களே பொருத்தம் என்று சொல்லலாம். 1942இல் ஜப்பானியர் பர்மாவைப் பிடித்ததோடு அங்கிருந்து வந்த செல்வம் நின்றது, கட்டுவதும் ஓய்ந்தது.

ஆரோவில்லின் மாத்ரி மந்திர் வேறு திசையில் போனது. 1971இல் அடிக்கல் நாட்டி 2008இல் முடிந்த இந்தக் கோளத்தை வடிவமைத்தவர் ரோஜர் ஆங்கர். சுற்றியுள்ள 12 இதழ்களின் தியான அறைகளுக்குத் தனித்தனி நிறம் உண்டு. நடுக்கூடமோ முழு வெள்ளை. கூரை மேலுள்ள கண்ணாடி சூரியனைப் பின்தொடர்ந்து, ஒற்றைக் கதிரை 70 செ.மீ. விட்டமுள்ள பளிங்குக் கண்ணாடி உருண்டை மீது இறக்குகிறது. வெயில் இல்லாதபோது சூரிய மின்விளக்கு அந்த வேலையைச் செய்கிறது.