சுடுதண்ணீரில் பிறந்த கணக்கு

சிலாங்கூரின் பந்திங்கில் காலைத் தேநீருக்குத் தண்ணீர் காய்ச்சும் கெட்டிலை, காலியாக இருக்கும்போது கவிழ்த்துப் பாருங்கள். அடியில் 230 வோல்ட் என்று அச்சிட்டிருக்கும். அது 10 ஆம்பியர் இழுக்கிறது என்று வையுங்கள். வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் 23 ஓம். உள்ளே இருக்கும் சூடேற்றும் கம்பியின் மின்தடை அது. இரண்டையும் பெருக்கினால் 2,300 வாட், அது திறன். ஒரு வகுத்தல், ஒரு பெருக்கல், அவ்வளவுதான். இந்தக் கணக்கு பிறந்த கதையிலும் சுடுதண்ணீர் இருக்கிறது.

ஜெர்மனியின் எர்லாங்கன் நகரில் பூட்டு செய்யும் ஒருவரின் மகன் கியார்க் சைமன் ஓம். கொலோன் நகரப் பள்ளியில் கணக்கு வாத்தியார். கம்பி நீள நீள மின்னோட்டம் எப்படிக் குறைகிறது என்று அளந்து, 1825-இல் ஒரு சூத்திரம் வெளியிட்டார். அது தவறு. கோளாறு மின்கலத்தில் இருந்தது: அன்றைய மின்கலம் இணைத்ததும் துள்ளும், சற்று நேரத்தில் சோர்ந்துவிடும். ஆடும் தராசில் எடை போட்ட கதைதான்.

மின்கலத்தை விட்டுவிடுங்கள், வெப்பத்தால் மின்சாரம் தரும் உலோக இணையை எடுத்துக்கொள்ளுங்கள் என்று யோசனை சொன்னார் பொக்கென்டார்ஃப் என்ற இதழாசிரியர். 1821-இல் சீபெக் கண்டறிந்த விந்தை அது. ஓம் பிஸ்மத்தையும் செம்பையும் இணைத்து, ஒரு முனையைக் கொதிநீரிலும் மறுமுனையைப் பனிக்கட்டியிலும் வைத்தார். கொதிக்கிற வரை கொதிநீரின் சூடு மாறாது. உருகுகிற வரை பனியின் குளிரும் மாறாது. அதனால் மின்னழுத்தமும் அசையவில்லை. ஒரே பருமனுள்ள எட்டுச் செம்புக் கம்பிகள், 2 அங்குலம் முதல் 130 அங்குலம் வரை. ஒவ்வொன்றாக மாட்டி, மேலே தொங்கிய காந்த ஊசி திரும்பும்போது அதைப் பழைய நிலைக்குக் கொண்டுவர எவ்வளவு முறுக்க வேண்டியிருக்கிறது என்று குறித்தார். இந்த முறை கணக்கு உட்கார்ந்தது. 1827-இல் நூலாகவும் வந்தது. ஆனால் உரிய மரியாதை வர 1841 ஆயிற்று. அந்த ஆண்டு லண்டன் ராயல் சொசைட்டி அவருக்குக் கோப்லி பதக்கம் தந்தது.

ஏறக்குறைய அதே சமயத்தில் இங்கிலாந்தில், பீர் காய்ச்சும் குடும்பத்துப் பிள்ளையான ஜேம்ஸ் ஜூல், கம்பிச் சுருளைத் தண்ணீர்ச் சாடியில் முக்கி, வெப்பமானியோடு உட்கார்ந்தார். மின்னோட்டம் இரு மடங்கானால் சூடு நான்கு மடங்காகிறது என்று கண்டார். இதை ஓமின் விதியோடு, அதாவது முதலில் பார்த்த வகுத்தல் கணக்கோடு, சேர்த்தால் வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கும் நம் திறன் கணக்கு வந்துவிடும். நம் கெட்டிலுக்குப் பாட்டன் அந்தச் சாடிதான்.

1881-இல் பாரிசில் கூடிய மின்சார மாநாடு ஓம், வோல்ட், ஆம்பியர் ஆகிய பெயர்களை ஏற்றது. வாட் என்ற பெயரை 1882-இல் வில்லியம் சீமென்ஸ் முன்மொழிந்தார். பன்னிரண்டே ஆண்டுகள் கழித்து, 1894-இல், நம் சிலாங்கூரின் ரவாங் ஈயச் சுரங்கத்தில் லோக் இயூவும் தம்புசாமிப் பிள்ளையும் மின்னாக்கியை நிறுவினார்கள். பத்துமலைக் கோயிலுக்கு அடிகோலிய அதே தம்புசாமிப் பிள்ளை!

கணக்கு இன்றும் அடுப்படியில் உதவுகிறது. நம் பிளக்கில் இருப்பது 13 ஆம்பியர் ஃபியூஸ்; 230-ஆல் பெருக்கினால் 2,990 வாட். 2,300 வாட் கெட்டிலையும் 1,000 வாட் டோஸ்டரையும் ஒரே எக்ஸ்டென்ஷனில் மாட்டினால் 14 ஆம்பியருக்கு மேல் போகிறது. அப்போது சூடாவது தண்ணீர் மட்டுமல்ல, வயரும்தான். ஜூலின் விதி இரண்டுக்கும் ஒன்றே.