புழுங்கல் அரிசியும் கோலாலம்பூர் ஆய்வுக்கூடமும்



சென்ற பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டம் முடிந்து எல்லோரும் தேநீர் அருந்திக்கொண்டிருந்த நேரம். நாற்பது வருடம் பால்மரம் வெட்டி ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் என்னைப் பிடித்துக்கொண்டார். "வாத்தியாரே, மருத்துவ ஆராய்ச்சிக்கு அரசாங்கம் இத்தனை மில்லியன் ஒதுக்குதுன்னு பேப்பர்ல போட்டிருக்கான். இங்க கிளினிக்குக்குப் போனா மூணு மணி நேரம் உட்கார வேண்டியிருக்கு. மொதல்ல அங்க இன்னொரு டாக்டரைப் போடக்கூடாதா? கண்ணாடிக் குழாயில எதையோ ஊத்திப் பாக்கறதுக்கா நம்ம வரிப்பணம்?" என்று கேட்டார்.

கேள்வி நியாயமானதுதான். நின்ற நிலையில் அவருக்குச் சரியான பதில் சொல்ல என்னால் முடியவில்லை. வீட்டுக்கு வந்து புத்தகங்களைப் புரட்டியபோது கிடைத்த பதில், நம் வீட்டு அரிசிப் பானைக்குள்ளேயே இருந்தது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன் இந்த நாட்டில் பெரிபெரி என்றொரு நோய் மனிதர்களை வாரிக்கொண்டு போனது. முதலில் கால் மரத்துப் போகும். பிறகு வீங்கும். நடக்க முடியாது, மூச்சு வாங்கும். ஒரு நாள் இருதயம் நின்றுவிடும். ஈயச் சுரங்கங்களில் வேலை செய்த சீனத் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் இதற்குப் பலியானார்கள். சிறைச்சாலைகளிலும் மனநோய் விடுதியிலும் இதே கதைதான். காரணம் மட்டும் யாருக்கும் தெரியவில்லை. கிருமி என்றார் ஒருவர், ஈர மண்ணிலிருந்து எழும் விஷக்காற்று என்றார் இன்னொருவர்.

1900-ஆம் ஆண்டு கூட்டு மலாய் மாநில அரசாங்கம் கோலாலம்பூரில் ஓர் ஆய்வுக்கூடத்தை நிறுவியது. இன்று ஐ.எம்.ஆர். என்று நாம் அழைக்கும் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் அதுதான். பெரிபெரிக்கும் மலேரியாவுக்கும் காரணம் கண்டுபிடிப்பதே அதற்கு இடப்பட்ட பணி. பணம் எங்கிருந்து வந்தது? அந்நாளில் அரசாங்கத்தின் பெரிய வருமானம் ஈய ஏற்றுமதி வரியும் அபின் வரியும். அதாவது சுரங்கத்தில் செத்துக்கொண்டிருந்தவனின் உழைப்பும், அவன் வலி மறக்கப் புகைத்த அபினும்தான் அந்தக் கட்டடத்துக்குக் கல்லாகவும் சுண்ணாம்பாகவும் ஆயின. செலவு செய்யலாமா என்று அவனை யாரும் கேட்கவில்லை. துரைமார்கள் கருணையால் மட்டும் இதைச் செய்தார்கள் என்றும் நான் சொல்லமாட்டேன். கூலி செத்தால் ஈயமும் இல்லை, ரப்பரும் இல்லை என்ற கணக்கும் அதில் இருந்தது.

பணம் போட்டவுடன் பலன் வந்துவிட்டதா? இல்லை. முதல் இயக்குநரான ஹாமில்டன் ரைட் சில வருடம் ஆராய்ந்து, பெரிபெரி ஒரு தொற்றுநோய், கிருமியால் வருவது என்று முடிவு கட்டினார். அந்த முடிவு தவறு. இன்றாக இருந்தால் "கூடத்தை மூடு, பணத்தைத் திருப்பிக் கொடு" என்று நாமே சத்தம் போட்டிருப்போம்.

இந்த இடத்தில்தான் நம் சனங்கள் கதைக்குள் வருகிறார்கள். சிரம்பானில் அரசாங்க மருத்துவராக இருந்த பிராடன் ஒரு விஷயத்தைக் கவனித்தார். ஒரே ஊர், ஒரே தண்ணீர், ஒரே மழை. ஆனால் சீனர்களுக்குப் பெரிபெரி வருகிறது, தமிழர்களுக்கு அநேகமாக வருவதே இல்லை. கம்பத்தில் தாமே நெல் குத்திச் சாப்பிடும் மலாய்க்காரர்களுக்கும் வருவதில்லை. சீனர்கள் சாப்பிட்டது சயாமிலிருந்து வந்த, ஆலையில் வெள்ளைவெளேர் என்று தீட்டிய பச்சரிசி. தமிழர்கள் சாப்பிட்டது புழுங்கல் அரிசி! இதை வைத்து அவர் 1907-ல் ஒரு புத்தகமே வெளியிட்டார். பழைய அரிசியில் ஏதோ விஷம் உண்டாகிறது என்று அவர் நினைத்தது சரியல்ல. என்றாலும் அவர் விரல் நீட்டிய திசை சரியானது.

கவனித்தது மட்டும் போதுமா? "தமிழன் உடம்பு வேற, சீனன் உடம்பு வேற" என்று ஒருவர் சொல்லிவிட்டால் வாதம் அதோடு நின்றுவிடும். ஆகவே சோதித்துப் பார்க்க வேண்டியிருந்தது. கோலாலம்பூர் மனநோய் விடுதியில் டாக்டர் பிளெட்சர் 1905 டிசம்பரில் அதைத் தொடங்கினார். நோயாளிகளை வரிசையாக நிறுத்தி எண் சொல்ல வைத்தார். ஒற்றைப்படை எண்காரர்களுக்குத் தீட்டிய பச்சரிசி, இரட்டைப்படைக்காரர்களுக்குப் புழுங்கல் அரிசி. இடத்தின் கோளாறோ என்ற சந்தேகம் வரக்கூடாதென்று பாதியில் இரு கூட்டத்தாரையும் கட்டடம் மாற்றியும் வைத்தார். ஒரு வருடம் கழிந்தது. பச்சரிசி சாப்பிட்ட 120 பேரில் 18 பேர் பெரிபெரியால் இறந்தார்கள். புழுங்கல் அரிசி சாப்பிட்ட 123 பேரில் அந்த நோயால் ஒருவரும் இறக்கவில்லை.

இதைப் படித்தபோது என் மனம் சங்கடப்பட்டது என்பதை மறைக்க விரும்பவில்லை. அந்த நோயாளிகளிடம் "உங்களுக்குச் சம்மதமா?" என்று யாரும் கேட்கவில்லை, கேட்டிருந்தாலும் பதில் சொல்லும் நிலையில் அவர்கள் இல்லை. இன்று இப்படி ஒரு சோதனையை நடத்தவே முடியாது. பிள்ளைகள் எண்ணி மகிழும் விஞ்ஞானத்தின் அடியில் இப்படிப்பட்ட உயிர்களும் கிடக்கின்றன.

அடுத்து ஐ.எம்.ஆரைச் சேர்ந்த பிரேசரும் ஸ்டாண்டனும், நமக்குப் பக்கத்து மாநிலமான நெகிரி செம்பிலானில், ஜெலபு பகுதிக் காட்டுக்குள் சாலை போட வந்த சுமார் 300 ஜாவானியத் தொழிலாளர்களை இரண்டு கூட்டமாகப் பிரித்தார்கள். இது நடந்தது 1907-ல். ஒரு கூட்டத்துக்கு வெள்ளை அரிசி, மறு கூட்டத்துக்குப் புழுங்கல் அரிசி. சில மாதங்களில் வெள்ளை அரிசிக் கூட்டத்தில் பெரிபெரி கண்டது. அரிசியை மாற்றிக் கொடுத்தார்கள், நோயும் இடம் மாறியது. நோய் கண்டவர்களோடு பழகியதால் மற்றவர்களுக்கு அது ஒட்டவில்லை. கிருமி வாதம் அதோடு படுத்துவிட்டது. பிறகு கூடத்தில் கோழிகளை வைத்துச் சோதித்து, அரிசியைத் தீட்டும்போது தள்ளிவிடும் தவிட்டில்தான் காக்கும் பொருள் இருக்கிறது என்று காட்டினார்கள். கோழிக்கும் அரிசிக்கும் உள்ள தொடர்பை அதற்கு முன்பே ஜாவாவில் ஐக்மன் என்ற டச்சு மருத்துவர் கண்டிருந்தார். அவருக்கு 1929-ல் நோபல் பரிசு கிடைத்தது. கோலாலம்பூர்க்காரர்களுக்குக் கிடைக்கவில்லை. ஆனால் மனிதர்களிடத்தில் அதை அசைக்க முடியாதபடி நிரூபித்தது இந்த மண்தான். 1910-ல் பிலிப்பைன்ஸ் அரசாங்கம் தன் நிலையங்களில் தீட்டிய வெள்ளை அரிசியை நிறுத்தியது.

அந்தப் பொருளுக்கு இன்று பெயர் தயமின், அதாவது வைட்டமின் பி1. நெல்லை உமியோடு ஊற வைத்து அவிக்கும்போது தவிட்டில் உள்ள சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. பிறகு எவ்வளவு தீட்டினாலும் முழுவதும் போகாது. நம் பாட்டிமார்களுக்கு இந்தக் காரணமெல்லாம் தெரியாது. அவர்கள் கையில் பழக்கம் இருந்தது. அந்தப் பழக்கத்தை அடுத்த வீட்டுச் சீனருக்கும் உதவும் அறிவாக மாற்ற ஒரு கூடமும், சம்பளம் வாங்கும் சில மனிதர்களும், பொதுப்பணமும் தேவைப்பட்டன.

மலாக்கா அப்போது கூட்டு மலாய் மாநிலங்களில் சேர்ந்ததல்ல, நீரிணைக் குடியேற்றப் பகுதி. அந்தக் கூடத்துக்கு நம் மலாக்கா காசு போகவில்லை. ஆனாலும் அறிவுக்குத் தம்பின் எல்லையில் சுங்கச் சாவடி கிடையாதே! கிள்ளானில் மால்கம் வாட்சன் 1901 முதல் கால்வாய் வெட்டி மலேரியாவை அடக்கிய வித்தையும் அப்படித்தான் தோட்டம் தோட்டமாகப் பரவியது. அது தனிக் கட்டுரைக்குரிய கதை.

பெரியவருக்கு நான் சொல்ல நினைத்த இன்னொன்றும் உண்டு. 1926 முதல் ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் ரப்பர் ஏற்றுமதி மீது பிடித்த வரியால்தான் நடந்தது. ஆர்.ஆர்.ஐ.எம். 600 ரக மரத்தை வெட்டாத கை நம் தோட்டங்களில் உண்டா? மரத்தின் பட்டை நோய்க்கு ஆராய்ச்சி எதற்கு என்று யாரும் கேட்டதில்லை. மரம் வெட்டுகிறவன் உடம்புக்கு என்றால் மட்டும் நமக்குக் கை இழுக்கிறது!

1999-ஐ நினைத்துப் பார்ப்போம். நெகிரி செம்பிலான் புக்கிட் பெலாண்டோக்கில் பன்றிப் பண்ணைக்காரர்கள் காய்ச்சலில் இறந்தபோது, முதலில் அதை ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று எண்ணிக் கொசு மருந்து அடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். சாவு நிற்கவில்லை. அரசாங்கப் பணத்தில் நடக்கும் மலாயாப் பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் டாக்டர் சுவா கா பிங் புதிய கிருமியைப் பிரித்தெடுத்த பிறகே வழி தெரிந்தது. அதுதான் நிப்பா. மலேசியாவில் 105 பேர் இறந்தார்கள். அந்தக் கூடத்தை அந்த மாதம் கட்டத் தொடங்கியிருந்தால் என்னவாகியிருக்கும்? நம் ஊர்ப் பெயரிலேயே ஒரு கிருமி இருக்கிறது தெரியுமா? 2006-ல் இங்கே கண்டறியப்பட்டு மறு ஆண்டு உலகுக்கு அறிவிக்கப்பட்ட மலாக்கா வைரஸ். வௌவாலோடு தொடர்புடையது என்கிறார்கள்.

கிளினிக்கில் இன்னொரு டாக்டர் வேண்டும் என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. அதைக் கேட்டு மனு எழுதினால் முதல் கையெழுத்து என்னுடையது. ஆனால் அந்த டாக்டர் எழுதித் தரும் மருந்து, எங்கோ ஒரு கூடத்தில் பல வருடம் தோற்றுத் தோற்று வந்த மருந்தாகத்தான் இருக்கும்.

இதையெல்லாம் மறுவாரம் பெரியவரிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சிரித்தார். "எங்கம்மா சோறு வடிச்ச கஞ்சியைக் கீழ ஊத்தவே விடமாட்டா வாத்தியாரே. உப்புப் போட்டு எங்களுக்கு ஆளுக்கொரு மங்கு ஊத்திக் கொடுத்துட்டுத்தான் பெரட்டுக்குப் போவா" என்றார்.

அந்தக் கஞ்சித் தண்ணீரிலும் தயமின் கரைந்து இறங்கியிருக்கும் என்றேன்.