குரோன்கைட் குறுக்கிட்டபோது பேசிக்கொண்டிருந்த பெண்

1963 நவம்பர் 22, வெள்ளிக்கிழமை. நியூயோர்க் நேரம் பி.ப. 1.40. சிபிஎஸ் தொலைக்காட்சியில் 'அஸ் த வேர்ல்ட் ரேர்ன்ஸ்' என்ற பகல்நேரத் தொடர் நாடகம் போய்க்கொண்டிருக்கிறது. நான்சி ஹியூஸ் என்னும் குடும்பத்தலைவி தன் மாமனாரிடம் ஒரு வீட்டுப் பிரச்சினையை எடுத்துச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். மகன் பொப், தன்னிடமிருந்து விவாகரத்துப் பெற்றுப்போன லீசாவையும் பேரனையும் நன்றி நவிலல் நாள் விருந்துக்கு அழைத்துவிட்டான். அது சரியா, பிழையா? தான் நன்றாக யோசித்துப் பார்த்ததாக நான்சி சொல்லி முடிக்கும் முன்னரே படம் மறைகிறது. செய்தி அறிவித்தல் என்ற எழுத்துகள் திரையில் தோன்ற, வோல்ட்டர் குரோன்கைட்டின் குரல் மட்டும் கேட்கிறது. டல்லாஸ் நகரில் ஜனாதிபதி கென்னடியின் வாகனத் தொடரை நோக்கி மூன்று வேட்டுகள் தீர்க்கப்பட்டன என்கிறது அக்குரல்.

குரல் மட்டும் ஒலித்தமைக்குக் காரணம் உண்டு. செய்தி அறையில் இருந்த கமெராவைச் சூடாக்கி ஆயத்தப்படுத்த அக்காலத்தில் கணிசமான நேரம் பிடித்தது. பி.ப. 2 மணிக்குத்தான் குரோன்கைட்டின் முகத்தை மக்கள் கண்டனர். 2.38க்கு அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, சுவர்க் கடிகாரத்தை நிமிர்ந்து பார்த்து, மரணத்தை அறிவித்தார். ஊடகக் கல்வி பயின்ற எவருக்கும் அந்தக் காட்சி மனப்பாடம். நானும் அதைப் பலமுறை பார்த்தவன்தான். ஆனால் வெட்டுப்பட்டுப்போன மற்றக் காட்சியைப் பற்றி யோசிக்க எனக்கு நெடுங்காலம் பிடித்தது.

பத்திரிகை அலுவலகத்தில் கடைசி நேரச் செய்திக்காக முதற்பக்கத்தைப் பிரித்துப்போட்ட இரவுகள் எனக்கும் பல உண்டு. உள்ளே வந்த செய்தி எல்லோருக்கும் நினைவிருக்கும். அதற்காக வெளியே எடுத்த செய்தி எதுவென்று மறுநாள் ஆசிரியரைக் கேட்டால்கூடச் சொல்லமாட்டார்.

அந்த நாடகம் அன்று ஒளிப்பதிவு செய்து வைக்கப்பட்ட ஒன்றல்ல. நியூயோர்க் கலையகத்தில் நடிக்க நடிக்க அப்படியே நேரடியாக ஒளிபரப்பாகியது. 1975 வரை அதுவே அத்தொடரின் வழக்கம். ஆகவே, நாட்டின் ஒரு பகுதி வானொலிப் பெட்டியைத் தேடி ஓடிக்கொண்டிருந்தபோது நான்சியாக நடித்த ஹெலன் வாக்னரும் மாமனாராக நடித்த சாந்தோஸ் ஒட்டேகாவும் நடிப்பை நிறுத்தவில்லை. அவர்களுக்கு ஒன்றும் தெரியாது. அறிவிப்புகளுக்கு இடையே விளம்பரங்களும் நாடகத்தின் சில நிமிடங்களும் வந்து போயின. பதிவை இன்று பார்க்கும் எமக்கு அந்த நிமிடங்கள் சங்கடமானவை. ஜனாதிபதி சுடப்பட்டார் என்பது பார்ப்பவனுக்குத் தெரியும். திரையில் உள்ளோருக்கோ விருந்துக்கு யார் வருவது என்பதே கவலை. இது யாரும் எழுதி வைத்த நாடக உத்தி அன்று. அன்றைய வெள்ளிக்கிழமையில் கோடிக்கணக்கான வீடுகள் செய்திக்கு ஒரு கணம் முன்பு எப்படி இருந்தன என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடைக்குமா என்பது சந்தேகமே.

நான்சியைப் படைத்தவர் இர்னா பிலிப்ஸ். 1930இல் சிக்காகோ வானொலியில் 'பெயின்ரட் டிரீம்ஸ்' என்ற தொடரைத் தொடக்கியவர். சவர்க்காரக் கம்பனிகளின் விளம்பரப் பணத்தில் வளர்ந்தமையால் இவ்வகை நாடகங்களுக்கு 'சோப் ஒபரா' என்ற கேலிப்பெயர் வந்து ஒட்டிக்கொண்டது. தொலைக்காட்சிக்கு மாறிய பின்பும் இவை பதினைந்து நிமிடத் துண்டுகளாகவே இருந்தன. அரை மணி நேரம் வேண்டும் என்று இர்னா வற்புறுத்தினார். பணம் போட்ட புரொக்டர் அன்ட் காம்பிள் நிறுவனம் தயங்கியது. முடிவில் 1956 ஏப்ரில் 2ஆம் திகதி தொடர் ஆரம்பமாயிற்று. அதில் முதலாவதாகப் பேசியவர் ஹெலன் வாக்னர். காலையில் கணவனை அன்போடு வரவேற்கும் சில சொற்கள், அவ்வளவுதான்.

அரை மணி கிடைத்ததும் இர்னா செய்தது அதிகச் சம்பவங்களைத் திணிப்பதல்ல, வேகத்தைக் குறைத்ததே. இல்லினோயில் ஓக்டேல் என்ற கற்பனை நகரம். சட்டத்தரணி கிறிஸ் ஹியூஸ், மனைவி நான்சி, பிள்ளைகள். இருவர் இருந்து கோப்பி குடித்தபடி மூன்றாமவரைப் பற்றிப் பேசுவார்கள். வம்பளப்பு என்று விமர்சகர்கள் சிரித்தார்கள். எனினும் 1950களின் இறுதியிலிருந்து ஏறக்குறைய இருபது ஆண்டுகள் அமெரிக்கப் பகல் நாடகங்களில் முதலிடம் இதற்கே. துணி மடிக்கும் பெண்ணுக்குத் தன் வேலையின் வேகத்திலேயே நகரும் கதை பிடித்திருந்ததில் வியப்பென்ன?

கோப்பி என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். தொடக்க மாதங்களிலேயே ஹெலன் வாக்னர் வேலையிலிருந்து நீக்கப்பட்டார். தான் கோப்பி ஊற்றும் விதம் இர்னாவுக்குப் பிடிக்கவில்லையாம். பின்னாளில் அவரே சொன்ன கதை இது. விரைவில் திருப்பி அழைத்தார்கள். 1980களின் ஆரம்பத்தில் முதிய பாத்திரங்களுக்குக் கதை இல்லை என்றானபோது சில ஆண்டுகள் விலகி நின்று, மீண்டும் வந்தார். கிறிஸ் ஆக நடித்த டொன் மக்லோக்லின் 1986இல் மறைந்தார். கதையில் நான்சியும் விதவையானாள். பின்னர் டான் மக்கிளொஸ்கி என்பவரை மறுமணம் செய்தாள். அவருக்கு அல்சைமர் நோய் கண்டது. மறந்துகொண்டே போகும் கணவனை முதிய மனைவி பராமரிப்பதை மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் காட்டுவதற்குத் திரைப்படத்திற்கு இடமில்லை. அந்த ஆறுதலான நேரம் பகல் நாடகத்திடம் மட்டுமே இருந்தது. ஒரே பாத்திரத்தில் மிக நீண்ட காலம் நடித்தவர் என்று கின்னஸ் புத்தகமும் ஹெலனின் பெயரைப் பதிந்தது.

பெண்கள் வேலைக்குப் போகத் தொடங்கியதும் நண்பகல் வீடுகள் வெறுமையாயின. பேச்சு நிகழ்ச்சிகள் மலிவாக வந்து சேர்ந்தன. 1937இல் வானொலியில் தொடங்கிய 'கைடிங் லைற்' 2009இல் நின்றது. அவ்வாண்டின் இறுதியில் 'அஸ் த வேர்ல்ட் ரேர்ன்ஸ்' தொடரையும் முடிப்பதாக சிபிஎஸ் அறிவித்தது.

முதல் வசனத்தைப் பேசியவரே கடைசி வசனத்தையும் பேசியிருந்தால் எவ்வளவு பொருத்தமாக இருந்திருக்கும்! ஆனால் 2010 மே 1ஆம் திகதி, தொண்ணூற்றொரு வயதில், ஹெலன் வாக்னர் காலமானார். நாடகத்திலும் நான்சிக்கு இரங்கல் நடந்தது. செப்டெம்பர் 17இல் இறுதி அத்தியாயம். 1960 முதல் மகன் பொப் ஆக நடித்துவந்த டொன் ஹேஸ்ரிங்ஸ், தன் அலுவலகத்தைக் கடைசியாக ஒருமுறை பார்த்து, அம்மா ஐம்பத்து நான்கு ஆண்டுகளுக்கு முன் சொன்ன காலை வாழ்த்துக்கு ஈடாக, இரவு வணக்கம் கூறி வெளியேறினார். மேசையில் ஒரு பூகோள உருண்டை சுழன்றுகொண்டிருந்தது.