நடுக்குவாதமும் மருந்தின் அளவும்

முதுமையுற்ற தந்தையொருவர் நடுக்குவாதத்தாற் பல்லாண்டு வருந்துகின்றார். மருந்தைக் கூட்டினால் எழுந்து நடக்கின்றார். ஆயின், அறையில் இல்லாதவரைக் கண்டு உரையாடுகின்றார். குறைத்தால் அறிவு தெளிகின்றது. உடலோ மரம்போல் விறைக்கின்றது. எதனைத் தெரிவது? மக்களை வாட்டும் இவ்வினாவின் விடையை, அம்மருந்தின் வரலாறே ஓரளவு உணர்த்தும்.

1817ஆம் ஆண்டில் இலண்டன் வைத்தியர் ஜேம்ஸ் பாக்கின்சன், ஆறு நோயாளரின் நிலையை விளக்கி ஒரு சிறுநூல் வெளியிட்டார். அவருட் சிலர் வீதியிற் கண்டவரே. பிற்காலத்தில் பாரிஸ் நகரத்துச் சார்க்கோ என்னும் பேரறிஞர் அந்நோய்க்குப் பாக்கின்சனின் பெயரைச் சூட்டினார். ஆயினும், நோயின் காரணம் நூற்றாண்டுக்கு மேலாக மறைந்தே கிடந்தது.

1957இல் சுவீடன் நாட்டு ஆர்விட் கார்ல்சன், சர்ப்பகந்தா என்னும் நம் நாட்டு மூலிகையிலிருந்து பெறப்படும் ரிசர்ப்பினை முயல்களுக்குக் கொடுத்தார். அவை அசைவற்றுக் கிடந்தன. டோப்பா என்னும் பொருளை ஏற்றியதும் மீண்டும் இயங்கின. 1960இல் வியன்னாவில் ஹோர்னிக்கீவிச் என்பவரும் அவர்தம் துணைவரும், இந்நோயால் இறந்தோரின் மூளையில் டோப்பமீன் மிகக் குறைந்திருத்தலைக் கண்டனர். மறுவருடம் பிர்க்மாயர் என்ற வைத்தியர் லெவோடோப்பாவை ஊசிமூலம் செலுத்த, படுக்கையிற் கிடந்தோர் எழுந்தனர். எனினும், அப்பயன் நெடிது நிலைக்கவில்லை.

1967இல் அமெரிக்காவில் ஜோர்ஜ் கொட்சியாஸ் ஒரு வழி கண்டார். சிறிய அளவிலே தொடங்கி, நோயாளரை இடையறாது கவனித்து, படிப்படியாக அளவை உயர்த்தினார். வெற்றி பொறுமையால் விளைந்தது. ஆனால், சில வருடங்களுள் மருந்தின் மறுபக்கமும் வெளிப்பட்டது. தாமாக நிகழும் உடலசைவுகளும் பொய்க்காட்சிகளும் தோன்றின. டோப்பமீனைச் சேமித்து வைக்கும் உயிரணுக்கள் அழிய அழிய, நன்மைக்கும் தீமைக்கும் இடைப்பட்ட வெளி ஒடுங்கிவிடுகின்றது.

ஆகவே, தந்தையின் மனம் திடீரெனக் கலங்கினால், சிறுநீர்த் தொற்று, நீரிழப்பு முதலியன உண்டோவென முதலில் ஆராய்தல் வேண்டும். பின்னர், முதியோரின் நினைவைக் குழப்பும் துணைமருந்துகளை வைத்தியர் ஒவ்வொன்றாகக் குறைப்பர். லெவோடோப்பாவைப் பெரும்பாலும் இறுதியிலேயே தொடுவர். அதனை வீட்டார் தாமாகச் சடுதியில் நிறுத்துதல் உயிருக்கே ஆபத்தாகும். மனக்கலக்கத்திற்கு வழங்கப்படும் ஹாலோபெரிடோல் போன்ற மருந்துகளோ டோப்பமீனைத் தடுத்து விறைப்பை மிகுவிக்கும்.

எந்நேரம் நடந்தார், எந்நேரம் விறைத்தார், எப்பொழுது பொய்க்காட்சி கண்டார் என மக்கள் நாள்தோறும் எழுதிவைக்கும் குறிப்பு வைத்தியருக்குப் பேருதவி. அதனினும் முதன்மையானது, தந்தை தெளிந்திருக்கும் வேளையில் அவரையே கேட்டறிதல். முற்றம்வரை நடத்தலை ஒருவர் விரும்புவார்; பேரப்பிள்ளையை அறிந்து பேசுதலே போதுமென மற்றொருவர் கூறுவார். அவ்விருப்பம் தெரிந்தபின்னரே வைத்தியர் வகுக்கும் அளவு அவருக்குரிய அளவாக அமையும்.