டிரஸ்ஸர் கொடுத்த மருந்தும் டிவி சொல்லும் மருந்தும்

மலாக்கா, புக்கிட் லிந்தாங்கில் 1896-இல் டான் சாய் யான் வணிக முறையில் ரப்பர் நட்டார். அதன்பின் பெருகிய தோட்டங்களுக்குப் பால் வெட்ட வந்த நம்மவருக்கு மருத்துவர் என்றால் தோட்டத்து டிரஸ்ஸர்தான். ஜாசினானாலும் அலோர் காஜாவானாலும் அவர் ஊற்றிக் கொடுத்ததைக் குடிக்க வேண்டும். என்ன மருந்து என்று கேட்பாரில்லை.

வெளியே கடைத்தெருவில் நிலைமை வேறு. ஒரே புட்டியில் எல்லா நோயும் தீரும் என்று கூவி விற்றார்கள். இதற்குக் கடிவாளமாக, சுதந்திரத்துக்கு முந்திய ஆண்டே, 1956-இல், மருந்து விளம்பர, விற்பனைச் சட்டம் வந்தது. நீரிழிவு, புற்றுநோய், இருதய நோய், ஆஸ்துமா உட்பட 20 நோய்களைக் குணப்படுத்துவதாகப் பொதுமக்களிடம் விளம்பரம் செய்யக்கூடாது. இங்கே டிவி வந்ததோ 1963 டிசம்பர் 28-இல்தான்! மருத்துவர் சீட்டுக்கு மட்டும் கிடைக்கும் மருந்துகளையும் இங்கே மக்களிடம் விளம்பரம் செய்ய முடியாது.

அமெரிக்கா எதிர்த்திசையில் போனது. 1997-இல் டிவி விளம்பர விதியைத் தளர்த்தினார்கள். முக்கியமான ஆபத்தை மட்டும் சொன்னால் போதும், மீதியைத் தொலைபேசியில் கேட்டுக்கொள்ளலாம். 1999-இல் வந்த மூட்டுவலி மருந்து வயோக்ஸ். 2000-இல் அதன் விளம்பரத்துக்கு மட்டும் சுமார் 16 கோடி டாலர், பெப்சிக்குச் செலவானதைவிட அதிகம். மாரடைப்பு, பக்கவாத ஆபத்து கூடுவது தெரிந்து 2004 செப்டம்பர் 30-இல் மெர்க் நிறுவனமே அதை மீட்டுக்கொண்டது. அதற்குள் சுமார் 2 கோடி அமெரிக்கர்கள் சாப்பிட்டிருந்தார்கள். பழைய, மலிவான வலி மாத்திரையே போதும் என்ற நிலையில் இருந்தவர்களும் அதில் உண்டு. விளம்பரம் பார்த்துச் சிலர் முதன்முறையாக மருத்துவரிடம் போனார்கள் என்பதையும் மறுப்பதற்கில்லை. ஆனாலும் அமெரிக்காவையும் நியூசிலாந்தையும் தவிர மற்ற நாடுகள் இதற்கு முழுமையாக வழிவிடவில்லை.

அப்படியானால் நமக்கென்ன கவலை? தோட்டங்கள் துண்டாடப்பட்டு, குடும்பங்கள் மலாக்கா பட்டணத்து மலிவுவிலை வீடுகளுக்கு வந்துவிட்டன. டிரஸ்ஸர் இல்லை, 1996-இல் வந்த ஆஸ்ட்ரோ இருக்கிறது. இந்நாட்டில் நீரிழிவு விகிதத்தில் இந்தியர்களே முன்னணியில். சீட்டு மருந்து திரையில் வராது. அந்த இடத்தை மூலிகையும் சத்துமாவும் பிடித்துக்கொள்கின்றன. "சர்க்கரை இறங்கிப்போச்சு" என்று ஒருவர் சிரித்துச் சொல்கிறார். அதை நம்பி, அரசாங்க கிளினிக்கில் ஒரு வெள்ளிக்குக் கிடைக்கும் மாத்திரையை நிறுத்துகிறவர் காலையும் கண்ணையும் சிறுநீரகத்தையும் பணயம் வைக்கிறார். சில 'பாரம்பரிய' மருந்துகளில் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கலந்திருந்ததைச் சுகாதார அமைச்சு பலமுறை கண்டுபிடித்திருக்கிறது.

பெட்டியில் உள்ள 'மால்' எண் பதிவைக் காட்டுவது. விளம்பர அனுமதிக்கு 'கேகேஎல்ஐயு' எண் தனி. மால் எண்ணின் முடிவில் 'டி' எழுத்து இருந்தால் அது பாரம்பரிய மருந்து. அதில் பார்க்கப்பட்டது பாதுகாப்பும் தரமும்தான். நோய் தீருமா என்பது சீட்டு மருந்துக்குப்போல் சோதிக்கப்படுவதில்லை.