ஏரிக்கரையில் பிறந்த இறக்கை

ஸ்விட்சர்லாந்தில், கான்ஸ்டன்ஸ் ஏரிக்கரையில் ஆல்டன்ரைன் என்றொரு ஊர். அங்கிருந்த விமானத் தொழிற்சாலையில் 1950களில் ஹான்ஸ் லூசியஸ் ஸ்டூடர் என்ற பொறியாளரின் கையில் ஓர் இறக்கை உருவானது. பி-16 என்ற போர் விமானத்துக்கான இறக்கை அது. ஆல்ப்ஸ் பள்ளத்தாக்குகளில் மலைகளுக்கு நடுவே கிடக்கும் குட்டையான ஓடுதளத்தில் ஏறி இறங்க வேண்டும். மேலே போனால் போர் விமானத்துக்குரிய வேகமும் வேண்டும். ஸ்டூடருக்குக் கொடுக்கப்பட்ட கணக்கு இதுதான்.

இந்த இரண்டும் ஒன்றோடொன்று ஒத்துப்போகாதவை. இறக்கை தரும் தூக்குவிசை வேகத்தின் இருமடிக்கு ஏற்ப மாறும். வேகம் பாதியானால் தூக்குவிசை கால்வாசிதான். மெதுவாக வந்து இறங்க அகலமான, நன்றாக வளைந்த இறக்கை தேவை. வேகமாகப் பறக்கவோ மெல்லிய, தட்டையான இறக்கை தேவை. பின்னோக்கிச் சாய்ந்த இறக்கை வேகத்துக்கு உகந்தது என்றாலும், மெதுவாகப் பறக்கையில் அதன் தூக்குவிசை குறைவு. ஆகவே ஸ்டூடர் சாய்க்கவில்லை. மெல்லிய, நேரான இறக்கையே போதும் என்று முடிவு செய்து, இறங்கும் நேரத்தில் மட்டும் அது வேறு வடிவம் எடுக்கும்படி அமைத்தார். முன்விளிம்பு நெடுக அடியிலிருந்து மடல்கள் விரியும். பின்விளிம்பில் ஃபிளாப்புகள் பின்னால் நகர்ந்து கீழே வளையும். விமானத்தை இடவலமாகச் சாய்க்கும் ஐலிரான்களும் கூடவே தாழும். ஒரே இறக்கைக்குள் இரண்டு இறக்கைகள். எனக்கு இன்றும் இது அழகான வேலையாகத்தான் தெரிகிறது.

1955 ஏப்ரலில் பி-16 முதன்முறை பறந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் அந்த விமானம் ஏரியில் விழுந்தது. 1958 மார்ச்சில் ஸ்விட்சர்லாந்து 100 விமானங்கள் வாங்குவதென்று முடிவானது. மை உலர்வதற்குள், மார்ச் 25 அன்று, இன்னொன்றும் அதே ஏரியில் விழுந்தது. இருமுறையும் பைலட் குதித்துத் தப்பினார். ஆனால் விமானத் திட்டம் தப்பவில்லை. தவறு இறக்கையுடையது அல்ல. தண்டனை மட்டும் அதற்கும் சேர்த்தே கிடைத்தது.

அப்போதுதான் பில் லியர் வருகிறார். கார் ரேடியோவிலும் விமானத் தானியங்கிக் கருவிகளிலும் பெயர் எடுத்த அமெரிக்கர். தொழிலதிபர்களுக்கென்று சின்ன ஜெட் ஒன்று செய்யும் எண்ணத்தோடு ஸ்விட்சர்லாந்தில் நிறுவனம் தொடங்கினார். பி-16இன் இறக்கையே அவருக்கு அடிப்படை. 1962இல் வேலை முழுவதும் கான்ஸஸ் மாநிலத்தின் விசிட்டாவுக்கு மாறியது. 1963 அக்டோபர் 7 அன்று லியர்ஜெட் 23 பறந்தது.

இந்தப் பயணத்தில் இறக்கை சிலவற்றை இழந்தது. நேரான வடிவமும், உள்ளே நெருக்கமாக ஓடும் பல குறுக்குவிட்டங்களும், நுனிகளில் எரிபொருள் தொட்டிகளும் கூடவே வந்தன. பரப்பு சுருங்கியது, முன்விளிம்பு மடல்கள் போய்விட்டன. சிறிய விமானம் என்ற பிரிவில் சான்று பெற மொத்த எடை 12,500 பவுண்டுக்குள், அதாவது சுமார் 5,670 கிலோவுக்குள், அடங்க வேண்டும்; மடல்களும் அவற்றை இயக்கும் பொறிகளும் எடை கூட்டும். விசிட்டாவைச் சுற்றி மலைகளும் இல்லை.

மடல்களை இழந்ததன் விலை ஓடுதளத்தில் தெரிந்தது. இறக்கை தூக்குவிசையை இழக்கும் வேகத்துக்கு ஸ்டால் வேகம் என்று பெயர். இறங்க வரும் விமானம் அதைவிட ஏறத்தாழ 1.3 மடங்கு வேகத்தில் வர வேண்டும். ஸ்டால் வேகம் பத்து சதவீதம் கூடினால், தரையில் பிரேக் விழுங்க வேண்டிய ஆற்றல் 21 சதவீதம் கூடும். லியர்ஜெட் ஸ்டாலை நெருங்கினால் கட்டுப்பாட்டுக் கோல் பைலட்டின் கையில் நடுங்கும். மேலும் நெருங்கினால் தானாகவே முன்னே தள்ளி மூக்கைத் தாழ்த்தும். அப்படியொரு காவல் தேவைப்பட்ட இறக்கை அது.

இறக்கையின் மேற்புறத்தில் ஸ்பாய்லர் பலகைகளும் இருந்தன. தரை தொட்டதும் அவை எழுந்து தூக்குவிசையைக் கெடுக்கும், எடை சக்கரங்களில் இறங்கும், பிரேக் பிடிக்கும். இறங்கும்போது காப்பாற்றும் பலகை ஏறும்போது எமன். 1964 ஜூனில், சான்றுக்கான சோதனையில், அரசு பைலட் ஒருவர் ஓட்டிய முதல் லியர்ஜெட் ஸ்பாய்லர் மடங்காமலே கிளம்பி, சற்றைக்கெல்லாம் விழுந்து எரிந்தது. உள்ளே இருந்தவர்கள் பிழைத்தார்கள். அடுத்த மாதமே சான்று கிடைத்தது.

இழந்ததில் கொஞ்சம் பின்னர் திரும்பியது. 1976இல் முன்விளிம்பின் வளைவை மட்டும் மாற்றி, இறங்கும் வேகத்தைக் குறைத்தார்கள். விரியும் மடல் இல்லை, நகரும் பொறி இல்லை. உலோகத்தின் வளைவு ஒன்றுதான். மறு ஆண்டு முதன்முறை பறந்த லியர்ஜெட் 28இல் இறக்கை நீண்டது. நுனித் தொட்டிகள் போன இடத்தில் நுனி மேல்நோக்கி மடிந்து நின்றது. அதில்தான் 1979இல் நீல் ஆம்ஸ்ட்ராங் 51,000 அடி உயரத்துக்குப் போய் உலக சாதனைகள் படைத்தார்.

கடைசி லியர்ஜெட் 2022 மார்ச்சில் விசிட்டாவிலிருந்து உரியவரிடம் போய்ச் சேர்ந்தது. அதற்குள் இறக்கை முற்றிலும் புதியதாகியிருந்தது. தொடங்கிய இடத்தைப் பார்க்க வேண்டுமானால் சூரிக் அருகே டூபென்டார்ஃப் அருங்காட்சியகத்துக்குப் போகலாம். எஞ்சிய பி-16 ஒன்று அங்கே, தன் முழு இறக்கையோடு நிற்கிறது.